படித்துவிட்டு வர வேண்டுமாம்

70 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீட்டு அட்டை விஷயமாகப் போன அப்பாவுக்கு மருத்துவமனை உதவி மேசையில் நடந்ததை முந்தாநாள் எழுதியிருந்தேன். மறுபடி விவரிக்கத் தெம்பில்லை. “ரூல்ஸைப் படிச்சுட்டு வரக்கூடாதா பெரியவரே?” மேசையில் இருந்த பையன் சொன்ன அந்த ஒரு வரிதான் காதில் நிற்கிறது. “பையன் சொன்னதிலும் நியாயம் இருக்கே” என்று நம் நண்பர்களே எழுதியதைப் பார்த்த பிறகு தூக்கமும் போயிற்று.

சரி, படிப்போம். 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத், அதாவது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான மத்திய அரசின் இலவசக் காப்பீடு. தொடங்கியது 2024 அக்டோபர் 29. வருமான வரம்பு இல்லை, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். நல்ல திட்டம், நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த 5 லட்சம் ஆளுக்கா, குடும்பத்துக்கா? குடும்பத்துக்கு. கணவன் மனைவி இருவரும் 70 தாண்டியிருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான். குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால் பெரியவர்களுக்கென்று இன்னொரு 5 லட்சம். மத்திய அரசு ஊழியர் திட்டமோ முன்னாள் படைவீரர் திட்டமோ இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். தனியார் பாலிசி என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இது உதவாது. எழுதுகிற எனக்கே மூன்று முறை தடுமாறியது. 71 வயதுக்காரர் டோக்கனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபடியே புரிந்துகொள்ள வேண்டுமாம்!

வயதுக்குச் சான்று ஆதார். அப்பாவுக்கு நிஜ வயது 71, ஆதாரில் 68. பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைப் போட்டிருக்கிறார். (அவரும் ரூல்ஸைப் படிக்கவில்லை போல.)

“இ-சேவை மையத்தில் கேட்டிருக்கலாமே?” என்கிறார்கள் நண்பர்கள். கேட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். “இலவசமாகக் கிடைப்பதற்கு நாலு வரி படித்தால் குறைந்தா போவார்கள்?” இதுதான் சுடுகிறது. இலவசமா? வேலை பார்த்த காலமெல்லாம் வரி கட்டிய மனிதர் அவர். கொடுக்கிறவர்தான் புரியும்படி சொல்ல வேண்டும். வாங்க வருகிறவருக்குப் பரீட்சை வைக்கக் கூடாது. எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

எங்கள் தெருவில் மணியார்டர் பாரமோ ரேஷன் கார்டு மனுவோ எதுவானாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். திண்ணையில் உட்கார வைத்து, வாசித்துக் காட்டி, எழுதிக் கொடுப்பார். யாரையும் “படிச்சுட்டு வா” என்று திருப்பி அனுப்பியதில்லை.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது, “நான் அங்க சத்தமா பேசிட்டேனாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கும்தான் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. மூன்று மாதம் முன்பு போனில், “அந்த எழுபது வயசு கார்டு என்னன்னு பார்த்துச் சொல்லேன்” என்றார். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.