அந்தத் தீவில் காலடி பட்டிருக்கிறது

ஒரு தம்பி போட்ட "மனிதக் காலடி படாத தீவு" பயணப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக என் உள்பெட்டியிலும் அதுதான் வந்து விழுகிறது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் இருக்கும் கரீபா ஏரி, அதில் ஜிம்பாப்வே பக்கத்துத் தீவு ஒன்றில் சஃபாரி முகாம், கூடார வாசலில் காட்டெருமைகள், அந்தி வெளிச்சத்தில் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள். படங்கள் அருமை. எனக்கு உறுத்தியது அந்த ஒரு வரி மட்டும்தான். அதன் கீழே நாலு வரி எழுதினேன், மரியாதையாகத்தான் எழுதினேன். "அங்கிளுக்கு வயித்தெரிச்சல்" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குச் சிரிப்புக் குறிகள் குவிந்து கிடக்கின்றன. சரி, என் சுவரிலேயே எழுதிவிடுகிறேன்.

கரீபா தானாக உண்டான ஏரி இல்லை. ஜாம்பேசி ஆற்றை மறித்து 1955 முதல் 1959 வரை கட்டிய அணையின் நீர்த்தேக்கம் அது. 280 கிலோமீட்டர் நீளம். தீவு என்று நாம் சொல்வதெல்லாம் முழுகாமல் மிஞ்சிய மேடுகளும் குன்றுகளின் உச்சிகளும்தான். அந்தப் பட்ட மரங்கள், அறுபது வருடத்துக்கு முன்னால் நின்றபடியே முழுகிப்போன காடு. அந்தப் பள்ளத்தாக்கில் டோங்கா மக்கள் இருந்தார்கள். ஆற்றோர வண்டலில் வெள்ளாமை செய்தவர்கள், முன்னோர்களை அங்கேயே புதைத்துக் கும்பிட்டவர்கள். ஏறத்தாழ 57,000 பேரைக் கிளப்பினார்கள். 1958 செப்டம்பரில், வடகரையில் சிப்பெப்போ தலைவரின் ஊரில், போக மாட்டோம் என்று நின்றவர்கள் மேல் காலனி அரசின் போலீஸ் சுட்டது. எட்டுப் பேர் செத்தார்கள். காலடி படாத இடமா இது?

அதே வருடம் ஏரி நிரம்பத் தொடங்கியதும், ரூபர்ட் ஃபாதர்கில் என்ற வனவிலங்கு அதிகாரியின் குழு, தீவுகளில் சிக்கிய விலங்குகளைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தது. 'ஆபரேஷன் நோவா' என்று பெயர். 1964 வரை 6,000க்கும் மேற்பட்ட விலங்குகள். சாதாரணக் கயிறு காலை அறுத்துவிடுமே என்று, பெண்கள் அனுப்பிய நைலான் காலுறைகளைப் பின்னிக் கட்டினார்களாம். பெரிய காரியம், மனதாரச் சொல்கிறேன். ஏரியில் ஒரு தீவுக்கு அவர் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் மானின் காலுக்கு அவ்வளவு பார்த்த உலகம், லாரியில் ஏற்றி வறண்ட மேட்டுக்கு அனுப்பிய மனிதர்களுக்கு என்ன பார்த்தது? இதைக் கேட்டால் வயிற்றெரிச்சலா?

"நீயும் போய்த் தங்கினவன்தானே" என்கிறார்கள். ஆமாம், தங்கினேன். மூன்று இரவு. மீன்கழுகின் கூவலில் விழித்தேன், நீர்யானை கூடாரத்துக்குப் பக்கத்தில் புல் மேயும் சத்தத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதல் இரவில் தொலைவில் வரிசையாக விளக்குகள். ஏதோ ஊர் என்று நினைத்தேன். கபெண்டா பிடிக்கும் படகுகள் என்றார்கள். நம் நெத்திலி மாதிரிச் சின்ன மீன். அறுபதுகளில் டாங்கன்யிகா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. மீன்கூட வேறு ஏரியிலிருந்து வந்ததுதான் அங்கே. மறுநாள் பட்ட மரங்களுக்கு நடுவில் படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். பறவை காட்டப்போகிறார் என்று கேமராவைத் தூக்கினேன். அவர் விரலைத் தண்ணீருக்கு நேராகக் கீழே நீட்டி, "என் தாத்தா பிறந்த ஊர்" என்றார். அவர் டோங்காக்காரர். கேமராவை மடியில் வைத்துவிட்டேன். போகாதே என்று நான் யாரையும் சொல்லவில்லை. போங்கள், அந்த வருமானத்தில் அந்தப் படகோட்டி வீட்டிலும் அடுப்பு எரியும். போய்விட்டு வந்து அங்கே யாருமே இருந்ததில்லை என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

"அணை இல்லாம கரண்ட் எங்கிருந்து வரும்?" என்கிறார் இன்னொருவர். கரண்ட் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த மின்சாரம் முதலில் போனது வடக்கே தாமிரச் சுரங்கங்களுக்கு. ஊரைக் கொடுத்த டோங்காக்களில் எத்தனையோ பேர் தென்கரையில் பிங்கா என்ற ஊர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தார்கள். கம்பி அவர்கள் தலைக்கு மேலேயே போயிற்று. கரண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

"ஒரு வார்த்தைதானே, விடுங்க சார்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. விட முடியாது.

என் அம்மாயி மேட்டூர் அணைக்குள் போன ஊர்க்காரர். 1934இல் அணை நிரம்பியபோது சின்னப் பெண். கடைசிவரைக்கும் அதை டேம் என்று சொன்னதில்லை, "எங்க ஊரு மேல தண்ணி நிக்குது" என்றுதான் சொல்வார். நான் பள்ளியில் படித்தபோது ஒரு கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கி, பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி வெளியே தெரிந்தது. மாமா எங்களைக் கூட்டிப்போனார். வெடித்த சேற்றில் அம்மாயி அவர்கள் வீட்டுக் கிணற்றைத் தேடி நடந்துகொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. நந்திக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் போய், "இங்கதான் எங்க ஊடு இருந்துச்சு கண்ணு" என்றார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாட்டி, படத்துல விழுறீங்க என்றார்கள். தள்ளி நின்றார். வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

தம்பி, உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, அது உங்கள் தப்பில்லை. படங்கள் அப்படியே இருக்கட்டும். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.