"உக்காரு" என்று சொன்னவருக்கு

போன ஞாயிறு எங்கள் சபை ஆராதனையில் அழுத ஒரு பெரியம்மாவைச் சபைக் கமிட்டிக்காரர் உட்கார வைத்தது உங்களுக்குத் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரிக்கிற பொம்மை போட்டு நாலு குரூப்புக்கு அனுப்பியும் இருக்கிறீர்கள். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அந்தப் பெரியம்மா அப்படி என்ன செய்துவிட்டார்? கீர்த்தனை பாடும்போது எழுந்து நின்றார். இரண்டு கையையும் தூக்கினார். "ஏசப்பா, ஏசப்பா" என்று வாய்விட்டு அழுதார். உடனே கமிட்டிக்காரர் முன் பெஞ்சிலிருந்து வந்து, "இது என்ன பெந்தெகொஸ்தே கூட்டமா? உக்காரு" என்றார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷியிடம் "உக்காரு". "உக்காருங்கம்மா" என்று சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. காலமெல்லாம் நடவு நட்டு நகக்கண் கறுத்துப்போன அந்தக் கைகள் மெதுவாக இறங்கின. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். சத்தம் நின்றுவிட்டது. தோள் மட்டும் கடைசி ஜெபம் வரைக்கும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

"முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழுப் பலத்தோடும்" என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் கைக்கும் தொண்டைக்கும் கண்ணீருக்கும் விலக்கு இருக்கிறதா? ஆராதனைக்கு முழு மனுஷனும் வரவேண்டும். பாதியை வீட்டில் வைத்துவிட்டு வா என்று எந்த வசனம் சொல்கிறது?

உடனே பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 14:40-ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள். "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது." சரி. அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். அந்நிய பாஷை, அதாவது பரவசத்தில் யாருக்கும் புரியாத மொழி, பேசுகிறவர்களைக்கூடத் தடை பண்ணாதிருங்கள் என்று அதே பவுல்தான் எழுதுகிறார். அந்த அம்மா பேசியது அந்நிய பாஷையும் இல்லை, நம்மூர்த் தமிழ்.

கிரமம் கிரமம் என்கிறீர்களே, அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும்போது அதே ஆலயத்துக்குள் நின்று ஒரு பூசணிக்காய்க்கு எவ்வளவு சத்தம் போடுகிறோம்! ஒருவர் ஆயிரம் என்றால் இன்னொருவர் ஆயிரத்து ஐந்நூறு என்கிறார். அதற்குக் கை தட்டுகிறோம். பூசணிக்காய்க்கு எழும்பலாம் என்றிருக்கிற குரல் ஆண்டவருக்கு எழும்பக்கூடாதா?

குழந்தைகள் பயப்படுகிறார்களாம். பயப்படவில்லை, நான் பார்த்தேன். நடிப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"நம்ம பாரம்பரியம் அமைதியானது" என்பதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். நானும் லுத்தரன் வீட்டுப் பிள்ளைதான். ஞானப்பாட்டை, மேல்நாட்டு மெட்டில் வந்த அந்தப் பழைய பாட்டுகளை, புத்தகம் பார்க்காமல் பாடும் குடும்பம். எது நம் பாரம்பரியம்? தஞ்சாவூரில் சரபோஜி மன்னரோடு படித்து வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் பாடி வைத்த கீர்த்தனைகளைத்தானே இன்றைக்கும் பாடுகிறோம்? அவர் காலத்திலும் மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனை ஆராதனைக்கு ஆகாது, பண்டிகைக்குப் பூவும் ஆகாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை, எதிர்த்து எழுதினார். சாதி விஷயத்தில் அவர் எடுத்த பக்கத்தை என்னால் ஏற்க முடியாது, அது வேறு கணக்கு. ஆனால் இந்த மண்ணின் பாட்டை விடமாட்டேன் என்று அவர் நின்றதால்தான் நமக்குக் கீர்த்தனை மிஞ்சியது. அந்தக் கீர்த்தனைக்கு அழுதவரைத்தான் நாம் உட்கார வைத்திருக்கிறோம். வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் நடந்து போகிறவர்களைப் பார்த்ததில்லையா? நம்மூர் ஜனங்கள் உடம்போடுதான் கும்பிடுவார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவியே கேட்டாள். சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் நூறு தென்னைக்குக் கொஞ்சம் குறைவு. விடிந்து போய்ப் பார்த்தால் நின்றவை ஏழு. அப்பா ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே நடந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்டும் இல்லை, மைக்கும் இல்லை. கோயில் ஓடு பாதி பறந்துபோய் உள்ளே வெயில் விழுந்தது. வாழ்நாளெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடியவர் என் அப்பா. அன்றைக்கு இரண்டு கையையும் விரித்து, "ஆண்டவரே, நீர் இருக்கீர், நீர் இருக்கீர்" என்று கத்தினார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, உக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க."

உட்கார்ந்துவிட்டார். 2021-இல் போய்ச் சேரும்வரை ஆலயத்தில் அவர் கை திரும்ப உயரவே இல்லை. நான் "உக்காருங்க" என்றேன், இவர் "உக்காரு" என்றார். வித்தியாசம் அவ்வளவுதான். கமிட்டிக்காரரே, உங்களை எதிரியாக நினைத்து இதை எழுதவில்லை.

வேதத்தில், பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். அதையே ஆசாரியர் ஏலி குடிவெறி என்று நினைத்துத் திட்டினார். "என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று அவள் சொன்னதும், "சமாதானத்துடனே போ" என்று ஆசீர்வதித்து அனுப்பினார். ஆசாரியர், வயதானவர், தப்பாக நினைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே மாறினார். என் அப்பாவிடம் நான் மாறவில்லை. இனி எங்கே போய் மாறுவது?

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த அம்மா வீடு வாய்க்கால் கரையில்தான், உங்கள் வண்டியில் பத்து நிமிஷம். வீடியோ எடுத்த தம்பி அதை எல்லா குரூப்பிலும் அழிக்கட்டும். வருகிற ஞாயிறு நான் பெஞ்சில் உட்காரப்போவதில்லை. என் வீட்டுக்காரியோடு, அந்த அம்மா பக்கத்தில் பாயில் இருப்பேன். அவர் எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன்.