தெரியாததைத் தெரியுதுன்னு சொன்ன கதை

மாமா பையன் அடுத்த மாதம் அரிசோனா போகிறான், விமானி ஆவதற்கு. கோவில்பட்டி வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, பெட்டி பாதி கட்டியாகிவிட்டது, இந்த நேரம் பார்த்து யாரோ மாமாவுக்கு வாட்சப்பில் அந்தக் கனடா விபத்துச் செய்தியை அனுப்பித் தொலைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 8, மானிட்டோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு செஸ்னா விமானங்கள் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தபோது மோதின. ஓட்டிய இரண்டு மாணவர்களும் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் கேரளத்துப் பையன்.

ராத்திரி பத்து மணிக்கு மாமா போன். "மருமகனே, அத்தாம் பெரிய வானத்துல எப்படிய்யா ரெண்டு ஏரோப்ளேன் மோதும்? இவன் போற எடத்துல டவர் இருக்காம்ல, அவங்க பாத்துக்கிட மாட்டாங்களா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே அரிசோனாவில், பீனிக்ஸ் நகரத்துப் பக்கத்தில்தான் நானும் படித்தேன். அதனால்தான் என்னைக் கேட்டார். போனில் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டேன், ஆனால் மனசுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

வானம் பெரிசுதான் மாமா. திருவிழா மைதானமும் பெரிசுதான், வாசல் ஒன்றுதானே. இறங்குகிற எல்லா விமானமும் அந்த ஒரே ரன்வேயின் நுனிக்குத்தான் வந்தாக வேண்டும். தேர் நான்கு ரத வீதி சுற்றுவது போல இதற்கும் ஒரு சதுரப் பாதை உண்டு, பேட்டர்ன் என்பார்கள். (கோயிலை வலமாகச் சுற்றுவோம், இது பெரும்பாலும் இடமாக.) ரன்வேக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் பேஸ், இன்னொரு தடவை திரும்பினால் ஃபைனல், நேரே இறங்க வேண்டியதுதான். எல்லாருமே தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில் சுற்றுவோம். அரிசோனாவில் வருஷம் முழுக்க வெயில் என்பதால் உலகத்தில் இருக்கிற பாதிப் பேர் அங்கேதான் பறக்கப் பழக வருகிறார்களோ என்று தோன்றும். டீர் வேலி மாதிரி இடமெல்லாம் அமெரிக்காவிலேயே நெரிசலான சிறு விமான நிலையங்களில் ஒன்று. நான் படித்தது அதைவிடச் சின்னது, பெயர் வேண்டாம்.

டவர், அதாவது விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் பேசுகிற கன்ட்ரோலர்கள், பார்த்துக்காதா என்ற இரண்டாவது கேள்விதான் விஷயம். பார்த்துக்காது. அதாவது, மாமா நினைக்கிற அர்த்தத்தில் பார்த்துக்காது. இப்படிப்பட்ட நிலையங்களைச் சுற்றியுள்ள வானத்தை அங்கே கிளாஸ் டி என்பார்கள். மேகத்துக்குள் போகாமல் வெளியே பார்த்து ஓட்டுகிறவர்களை ரன்வேயில் ஒருவர்மேல் ஒருவர் ஏறாமல் பார்ப்பது, யார் முதல் யார் இரண்டாவது என்று வரிசை சொல்வது, உனக்கு முன்னால் இன்னார் போகிறார் என்று தகவல் தருவது, இவ்வளவுதான் டவரின் வேலை. வானில் இன்னொருத்தன்மேல் இடிக்காமல் இருப்பது ஓட்டுகிறவன் பொறுப்பு, அதுவும் கண்ணை வைத்து. இது ஒளித்துவைத்த விஷயமும் இல்லை, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் காதில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார் என்று மனசு தன்னால் சாய்ந்துவிடுகிறது.

இப்போது என் கதை. 2016, நான் தனியாக ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான். மத்தியானம், அடுத்தடுத்து இரண்டு ரன்வே, பேட்டர்னில் எத்தனை பேர் என்று எண்ணக்கூட முடியாது, ரேடியோவில் ஒருவர் பேச்சை இன்னொருவர் மிதித்துக் கீச்சென்று சத்தம். நான் டவுன்விண்டில். கன்ட்ரோலர் எனக்குச் சொன்னது: நீ மூன்றாவது, உனக்கு முன்னால் ஃபைனலில் இரண்டு மைலில் ஒரு செரோக்கி (அதுவும் செஸ்னா மாதிரி ஒரு சின்ன விமானம்தான்), தெரிந்தால் சொல். பார்த்தேன், வெள்ளையாக ஒன்று மின்னியது. "டிராஃபிக் இன் சைட்" என்று சொல்லிவிட்டேன். சரி, அதற்குப் பின்னால் போ, இறங்கலாம் என்று அனுமதி வந்தது.

நான் பார்த்தது அந்தச் செரோக்கி இல்லை. அது பக்கத்து ரன்வேக்குப் போகிற வேறு யாரோ.

அது என்னைக் கடந்து போனதும் என் வரிசை வந்துவிட்டது என்று பேஸுக்குத் திரும்பினேன். செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேலே, இடது பக்கம் திரும்பினால் இடது இறக்கை சாய்ந்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கத்தையே மறைத்துவிடும். செரோக்கிக்கு இறக்கை கீழே, அவருக்குக் கீழ்ப்பக்கம் தெரியாது. திரும்பி முடித்து நேரானதும் கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி. பூச்சி ஒட்டியிருக்கிறது என்றே நினைத்தேன், சத்தியமாக. ஏனென்றால் அது அசையவில்லை. மோதப் போகிற விமானம் அசையவே அசையாது, கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்று பெரிசாகும், அதுதான் அதன் லட்சணம். அசைகிறதைத்தான் நம் கண் பிடிக்கும், நிற்கிறதை விட்டுவிடும். பூச்சிக்கு இறக்கை முளைத்ததும் கன்ட்ரோலர் என் எண்ணைச் சொல்லி உடனே வலது பக்கம் திருப்பு என்றதும் ஒரே நேரம். திருப்பினேன், தூக்கினேன், அதன் வாலுக்குப் பின்னால் போனேன். ஆள் ஏறி இறங்கக் கால் வைப்பதற்காகச் செரோக்கியின் வலது இறக்கையில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருப்பார்கள், அது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் 200 அடி என்பேன், 300 இருக்கலாம், பயத்தில் அளந்த அளவுதான். 500 அடிக்குள் வந்தாலே அமெரிக்க விமானத் துறை அதை மோதல் தப்பியதாகக் கணக்கு வைக்கும்.

இறங்கியதும் டவருக்குப் போன் பண்ணச் சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார்கள். திட்டு விழும் என்று தயாராகப் போனேன். போனில் பேசிய கன்ட்ரோலர் அம்மா திட்டவில்லை. "தெரியுதுன்னு சொன்னியே, எதைப் பார்த்துச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் இப்போது இருக்கிறது, அதற்குத்தான் இந்தப் பதிவே. நான் சரியாகப் பார்க்காமல் சொன்னதற்குக் காரணம் கண் இல்லை, பள்ளிக்கூடம். புரிஞ்சுதா என்று வாத்தியார் கேட்டால் அறுபது பேரும் சேர்ந்து "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடுவோமே, அதில் வளர்ந்த நாக்கு. புரியலை என்று ஒருத்தன் எழுந்து நின்றால் அவன் கதி என்ன என்று நமக்குத் தெரியும். ரேடியோவில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதுவும் நம் உச்சரிப்பை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியலை என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று காசு. இதை யாரும் பேசுவதில்லை. இன் சைட் என்றால் உடனே அனுமதி கிடைக்கும். தெரியலை (ரேடியோ பாஷையில் "நெகட்டிவ் காண்டாக்ட்") என்றால் டவுன்விண்டிலேயே நேராகப் போ, நான் சொல்கிறேன் என்பார்கள், இரண்டு மூன்று மைல் கூடுதலாகப் போய் வர வேண்டும். இன்ஜின் ஓடுகிற நேரத்தை ஹாப்ஸ் மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும், அந்த மீட்டருக்குத்தான் பணம், ஊரில் அப்பா அனுப்புகிற பணம். பொய்க்குப் பரிசும் உண்மைக்கு அபராதமும் இருக்கிற இடத்தில் பத்தொன்பது வயசுப் பையன் எதைச் சொல்வான்?

இது மாணவர்கள் வியாதி மட்டுமில்லை. 1978 செப்டம்பர் 25, சான் டியாகோ. பிஎஸ்ஏ 182 என்ற போயிங் 727, இறங்க வந்துகொண்டிருந்தது, அனுபவசாலி விமானிகள். முன்னால் ஒரு சின்ன செஸ்னா போகிறது என்று கன்ட்ரோலர்கள் சொல்ல, தெரிகிறது என்றார்கள். அப்புறம் கண்ணிலிருந்து தவறிவிட்டது. எங்கே போச்சு, கடந்து போயிருக்கும் என்று காக்பிட்டுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, எங்களுக்கு இப்போது தெரியவில்லை என்று டவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னா அவர்களுக்கு முன்னால், கீழேதான் இருந்தது. தரையில் இருந்த 7 பேரையும் சேர்த்து 144 பேர் போனார்கள். பார்வையில் இல்லை என்று டவருக்குச் சொல்லத் தவறியதை விசாரணை அறிக்கையே காரணத்தில் சேர்த்தது.

சரி, எல்லாப் பழியும் விமானி தலையிலா என்று கேட்டால், இல்லை. 2021 மே 12, டென்வருக்குப் பக்கத்தில் சென்டெனியல் விமான நிலையம். வலது ரன்வேக்குத் திரும்ப வேண்டிய சிர்ரஸ் என்ற சின்ன விமானம் வேகமாக வந்து திருப்பத்தில் தாண்டிப்போய், இடது ரன்வேக்கு இறங்கிக்கொண்டிருந்த மெட்ரோலைனர் சரக்கு விமானத்தைக் கிழித்துவிட்டது. சிர்ரஸ் விமானத்துக்கே ஒரு பாராசூட் உண்டு, அதைப் பிரித்து அதில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். மெட்ரோலைனர் விமானி ஏதோ இன்ஜின் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, முதுகு பிளந்த விமானத்தை ஒன்றும் ஆகாமல் இறக்கிவிட்டார், இறங்கிப் பார்த்தபோதுதான் நிலவரம் தெரிந்தது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், மாமாவுக்கு மட்டும் காட்டாதீர்கள். அங்கே மெட்ரோலைனருக்குச் சிர்ரஸைப் பற்றி எச்சரிக்காததை விசாரணை, கன்ட்ரோலர் தரப்புத் தவறாகவும் எழுதியது. நியாயம்தான்.

டவரே இல்லாத இடங்கள் இன்னும் மோசம், அங்கே ஒருவருக்கொருவர் ரேடியோவில் அறிவித்துக்கொள்வதோடு சரி. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் பேட்டர்னில் சுற்றிக்கொண்டிருந்த செஸ்னா 152மேல், நேரே இறங்க வந்த இரட்டை இன்ஜின் செஸ்னா 340 மோதியது. மூன்று பேர் போனார்கள். இருவருமே ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் பின்னால் ரொம்ப வேகமாக வருகிறார் என்பதுகூட முன்னால் போனவருக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் வரும், இப்போதுதான் டேப்லெட்டில் எல்லாமே தெரியுதே என்று. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் நெரிசலான வான்பகுதிகளில் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி கட்டாயம், அதை வாங்கித் திரையில் காட்டும் கருவியும் மலிவாகிவிட்டது. பத்து மைலுக்கு அப்பால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைப் போல ஒன்று கிடையாது, நானே அது இல்லாமல் ஏற மாட்டேன். ஆனால் பேஸ் திரும்பும் நேரத்தில் திரையைக் குனிந்து பார்க்கிறவனை என்ன சொல்ல? எதிரில் வருகிறதைப் பார்த்து, புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்புகிறவரை 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையின் ஆலோசனைக் குறிப்பு சொல்கிறது. பேட்டர்ன் வேகத்தில் இரண்டு செஸ்னா குறுக்கே நெருங்கினால் அந்த நேரத்துக்குள் சுமார் 700 மீட்டர் கரைந்துவிடும். 700 மீட்டரில் ஒரு செஸ்னா, நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய கண் திரையில் இருந்தால் எப்படி? திரையில் தெரிவது இன் சைட்டும் ஆகாது.

அன்று ராத்திரி என் பயிற்றுநர் என்னை உட்காரவைத்து நாசாவுக்கு ஒரு அறிக்கை எழுதவைத்தார். ஆமாம், ராக்கெட் விடுகிற நாசாதான். 1976 முதல் இந்த மாதிரித் தப்புகளை ரகசியமாக வாங்கி, பெயரை நீக்கிப் பதிவுசெய்து வைக்கிறார்கள். வேண்டுமென்று செய்யாத தப்பாக இருந்து, 10 நாளுக்குள் எழுதிவிட்டால் தண்டனையிலும் சலுகை உண்டு. தப்பை ஒப்புக்கொண்டால் அடி விழாது என்று ஒரு ஏற்பாடு இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

இப்போது தினமும் சாயங்காலம் மாமா பையனுக்கு வாட்சப்பில் பாடம் நடக்கிறது. நான் டவர், அவன் செஸ்னா. "உனக்கு ரெண்டு மணித் திசையில ஒரு மைல்ல செரோக்கி, தெரியுதா சொல்லு" என்பேன். உடனே "டிராஃபிக் இன் சைட்" என்பான். டேய், போன்ல பேசிக்கிட்டு இருக்கோம், வீட்டுச் சுவத்துல என்னடா தெரிஞ்சுது உனக்கு? "இல்லத்தான், ஒரு ஃப்ளோல..." என்று இழுப்பான். முதல் வாரம் முழுக்க இதே கதை, ஏழு நாளும் சுவரில் செரோக்கி பார்த்தான்.

நேற்றுதான் கேட்டதும் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நெகட்டிவ் காண்டாக்ட்" என்றான். பின்னால் மாமா குரல், பதறிப்போய்: "என்னலே நெகட்டிவ்ங்கான், பெயிலாயிட்டானா?"