ரோமானியர் மதத்தை உப்பு மாவிலிருந்து படியுங்கள்

பண்டைய ரோமானியர் மதம் என்றாலே ஜூபிடர், வீனஸ், மார்ஸ் என்று பெயர்களை அடுக்கிவிட்டு, "எல்லாம் கிரேக்கர்களிடம் வாங்கிய கதைதானே" என்று முடித்துவிடுகிறார்கள். கதைகளில் கடன் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலிபீடத்தின் முன் எதை, எந்த வரிசையில், எந்தச் சொல்லோடு செய்கிறோம் என்பதுதான் ரோமானியருக்கு மதம். கதையை மட்டும் படிப்பவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

உப்பு மாவை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் மோலா சல்சா. அடுப்பு நெருப்பின் தெய்வமான வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகளில் மூத்த மூவர் மே 7 முதல் 14 வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஃபார் என்ற பழைய வகைக் கோதுமைக் கதிர்களைக் கூடையில் சேர்ப்பார்கள். வறுப்பது, இடிப்பது, அரைப்பது எல்லாம் அவர்கள் கையால்தான். பிப்ரவரி 15, ஜூன் 9, செப்டம்பர் 13 என ஆண்டில் மூன்று முறை அதில் உப்பு சேர்த்துப் பலிக்கான மாவைத் தயாரிப்பார்கள். பலியிடுவதற்கு லத்தீனில் 'இம்மொலாரே' என்று பெயர். அந்தச் சொல் பிறந்தது இந்த மோலாவிலிருந்து. வெட்டுவதை வைத்து அல்ல, மாவு தூவுவதை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

அரசுப் பலியைப் பெரும்பாலும் நடத்துபவர் கான்சல் போன்ற ஓர் அதிகாரி. வீட்டிலோ குடும்பத் தலைவர். கை கழுவி, டோகா என்ற மேலாடையின் மடிப்பை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். முதலில் தணலில் குந்திரிக்கமும் மதுவும். பிறகு விலங்கின் முதுகில் உப்பு மாவு, நெற்றியில் மது. கத்தியை வெட்டாமல் தலையிலிருந்து வால்வரை ஓட்டுவார். அதற்குப் பின்தான் உதவியாளர்கள் அடித்து வீழ்த்திக் கழுத்தை அறுப்பார்கள். ஈரல், பித்தப்பை, நுரையீரல், இதயம் பார்க்கப்படும். குறை தென்பட்டால் தெய்வம் ஏற்கவில்லை என்று பொருள். வேறு விலங்கு கொண்டுவர வேண்டும். சரியாக இருந்தால் மாட்டின் உள்ளுறுப்புகளைப் பானையில் அவிப்பார்கள், ஆடு பன்றியுடையதைக் கம்பியில் சுடுவார்கள். அதன்மேல் மறுபடி உப்பு மாவு தூவி நெருப்பில் இட்டால் அது தெய்வத்தின் பங்கு. மிச்ச இறைச்சி மனிதருக்கு.

அந்தத் தலை மூடலைக் கவனியுங்கள். ஹெர்குலிஸின் பெரும் பலிபீடத்திலும் சாட்டர்ன் தெய்வத்துக்கும், இன்னும் சில வழிபாடுகளிலும் தலையைத் திறந்து வைத்தே பலியிட்டார்கள். அதைக் 'கிரேக்க முறை' என்று அவர்களே பிரித்துச் சொன்னார்கள். எது தங்களுடையது, எது வந்து சேர்ந்தது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர்களையா நகல் என்கிறோம்?

'உயிரில்லாத சடங்கு' என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. பிரார்த்தனையை ஒருவர் எழுத்தைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் பிழை வராமல் கவனிக்க, மூன்றாமவர் கூட்டத்தை அமைதியாக வைத்திருக்க, வேறு ஒலி காதில் விழாதபடி குழல் கலைஞர் ஒருவர் வாசித்துக்கொண்டே இருப்பார். அந்தக் குழல் நடுவில் நின்றாலே விழா பழுது. கி.மு. 176இல், ரோமும் சுற்றியிருந்த லத்தீன் நகரங்களும் சேர்ந்து நடத்திய லத்தீன் விழாவில் லனுவியம் நகர அதிகாரி ஒரு பலியின்போது 'ரோமானிய மக்களுக்காக' என்ற சொற்களை விட்டுவிட்டார். விழா முழுவதையும் திரும்ப நடத்தினார்கள், பலி விலங்குகளை லனுவியம் கொடுக்க வேண்டியதாயிற்று. பிழைக்கு வழி எப்போதும் ஒன்றுதான்: மறுபடி செய்வது.

ரோமானிய அரசியல்வாதி கேட்டோவின் வேளாண்மை நூல் இதை வயலுக்கே கொண்டுபோகிறது. நிலத்தைச் சுற்றிப் பன்றிக்குட்டி, ஆட்டுக்குட்டி, கன்று மூன்றையும் நடத்திச் சென்று மார்ஸுக்குப் பலியிட வேண்டும். பலியின் உள்ளுறுப்புகளில் குறி சரியில்லை என்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது: "தந்தை மார்ஸே, அந்தப் பலியில் உனக்குக் குறை இருந்தால், இந்தப் பலியால் ஈடு செய்கிறேன்." மூன்றில் ஒன்று மட்டும் சந்தேகம் என்றால் அதற்குத் தனி வாசகம். தோப்பில் மரம் வெட்டும் முன் அங்கே யார் குடியிருக்கிறார் என்று தெரியாதபோது, "நீ தேவனானாலும் தேவியானாலும்" என்று தொடங்குவார்கள். தெரியாத தெய்வத்துக்கும் உரிய மரியாதையை விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அது. இதில் உயிர் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கி.பி. 392இல் கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியஸின் சட்டம் தடை செய்தது எதை என்று பாருங்கள். வீட்டுக்குள் காவல் தெய்வங்களான லாரெஸுக்கு நெருப்பு, குடும்பத் தலைவரின் காவல் ஆவியான ஜீனியஸுக்கு மது, வீட்டுக் களஞ்சியத்தின் தெய்வங்களான பெனாட்டெஸுக்கு நறுமணம். விளக்கேற்றக் கூடாது, குந்திரிக்கம் போடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது. இதில் இருப்பவை கதைகள் அல்ல, செயல்கள்.