சிரித்தேன், ஆனால் திரிபோஷாவும் ஞாபகம் வந்தது

டென்மார்க்கிடம் முட்டை கேட்ட அமெரிக்காவுக்கு நாம் நிவாரணப் பொதி அனுப்பலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வாசித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். 2025 மார்ச்சில் அங்கே ஒரு டஜன் முட்டை 6 டொலரைத் தாண்டியது பறவைக் காய்ச்சலால்.

இங்கே இலங்கையில் முட்டைத் தட்டுப்பாட்டின் கதை வேறு. கோழிக்குத் தீன் இல்லாமல் போனது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் சோள விளைச்சல் விழுந்தது, அப்புறம் தீனை இறக்குமதி செய்ய டொலரும் இல்லாமல் போனது. கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் கோழி வளர்த்த அக்கா எல்லாவற்றையும் இறைச்சிக்கு விற்றுவிட்டார். 2023இல் இந்திய முட்டை வந்தது, அதுவும் முதலில் பேக்கரிகளுக்குத்தான். சரி, முட்டையை விடுவோம். சோளம் இல்லாமல் 2022இல், கிளினிக்கில் சிறு பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவும் நின்றதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் மகளுக்கு அப்போது 2 வயது. கிளினிக்கில் நிறுத்து எடை குறைவு என்றார்கள், கொடுக்க மாப் பைக்கற் இல்லை.