பிள்ளைக்கும் அதே இடியப்பத்தைத் தாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு ரெஸ்ரோரண்டின் சிறுவர் மெனு அட்டைப் படத்துக்குக் கீழே, இது ஆரோக்கிய உணவு இல்லை என்று நான் எழுதியதற்கு வந்த பதில்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "இவ பெரிய டொக்டர்", "சாப்பிடவும் விடமாட்டினமோ". பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

'சிறுவர்களுக்கான ஆரோக்கிய உணவு' என்று தலைப்புப் போட்டு, கீழே இருந்தது என்ன? கோழி நகட்ஸ், சொசேஜ் போட்ட பிறைட் றைஸ், உருளைக்கிழங்குப் பொரியல், இலவசமாக ஒரு கிளாஸ் சோடா. ஓரத்தில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய். அளவைக் குறைத்து வெள்ளரிக்காய் வைத்தால் ஆரோக்கியம் வந்துவிடாது. அதைத்தான் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்.

அந்த சோடாவை மட்டும் எடுங்கள். 2016இலிருந்து நம் இலங்கையில் குளிர்பானப் போத்தலில் சீனிக்கு நிறக் குறி போடவேண்டும். 100 மில்லி லீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. கடையில் வாங்கினால் அந்தக் குறி கண்ணில் படும். ரெஸ்ரோரண்டில் கிளாஸில் ஊற்றி, பொம்மை ஸ்ட்ரோ போட்டுத் தந்தால் எங்கே பார்ப்பது? அதே 100 மில்லியில் 10 கிராம் என்றால் சிவப்புக்கூட இல்லை, செம்மஞ்சள்தான். அதில் 250 மில்லி குடித்தாலே 25 கிராம் சீனி. 2 வயது முதல் 18 வயது வரை ஒரு நாள் முழுவதிலும், உணவிலும் பானத்திலும் மேலதிகமாகச் சேர்க்கும் சீனி அதைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்க இருதயச் சங்கம். கலிபோர்னியாவில் 2019இலிருந்து சிறுவர் சாப்பாட்டோடு கேட்காமலே வருவது தண்ணீர் அல்லது பால்தான். சோடா வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். அதைத்தானே நானும் கேட்டேன்?

என் மகளுக்கு நகட்ஸ் வேண்டாம். அவளுக்குப் பிடித்தது இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். அன்று பெரியவர்களின் மெனுவில் அது இருந்தது. "தம்பி, பாதி அளவில், சம்பல் இல்லாமல் தரலாமோ" என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். சின்னப்பிள்ளைகளுக்குச் சிறுவர் மெனுவில்தான் எடுக்கலாமாம். நாங்கள் சோறும் மீன்குழம்பும் கீரையும் சாப்பிடலாம், பிள்ளை பொரித்ததைத்தான் சாப்பிட வேண்டும். இது யார் போட்ட சட்டம்?

"பிள்ளையள் மரக்கறி தொடாதுகள்" என்று எழுதியவர்களுக்கு: மேசைக்கு வராததை அதுகள் எப்படித் தொடும்? என் அம்மம்மா முருங்கையிலைச் சொதியைச் சோற்றோடு குழைத்து உருண்டை பிடித்துத் தருவா. உறைப்பைக் குறைப்பா, அவ்வளவுதான். எங்களுக்கென்று தனிச் சட்டி வைத்ததே இல்லை.

"ஒருநாள்தானே" என்கிறீர்கள். பிறந்தநாள் ஒருநாள், ரியூசன் முடிந்து வரும் வழியில் ஒருநாள், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து மாமா வந்தால் கிழமை முழுக்க ஒருநாள்.

வியாபாரம் நடக்க வேண்டும் என்பது சரி. மறுக்கவில்லை.

ஆனால் ஓர் அண்ணை எழுதியது மனதை அறுத்தது. "நாங்கள் யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒன்றும் கிடைக்காமல் வளர்ந்தோம், பிள்ளைகளாவது ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்." அண்ணை, நானும் தொண்ணூறுகளில் இங்கேதான் குப்பி விளக்கில் படித்தவள். அந்த ஏக்கம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அன்று எங்களை உயிரோடு வைத்திருந்தது வளவில் நின்ற முருங்கையும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும். அதையெல்லாம் வறுமைச் சாப்பாடு என்று தள்ளிவிட்டு, பொரித்த சொசேஜைத்தான் நல்ல வாழ்க்கை என்று பிள்ளைக்குக் காட்டுகிறோமே, அது எனக்கு நோகிறது. ஆசை பிள்ளைக்கு வந்ததா, நாங்கள் ஊட்டியதா?

கடைசியாக, "காசில்லாட்டி வீட்டில சமைச்சுச் சாப்பிடு" என்று எழுதிய என் சொந்தக்காரருக்கு. பெயர் சொல்ல மாட்டேன். பாதி இடியப்பத்துக்கு முழுக்காசும் தருகிறேன் என்று அந்தத் தம்பியிடம் நான் சொன்னபோது நீங்கள் பக்கத்து மேசையில்தான் இருந்தீர்கள். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.