வெந்த மீனை எத்தனை முறைதான் வேகவைப்பீர்கள்?

சேலத்தில் கடல் கிடையாது. கடலூருக்குப் போவதென்றாலே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் விடிகாலையில் இறங்கும் வஞ்சிரமும் இறாலும் இரவெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் குலுங்கி வந்தவை. அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வஞ்சிரத்தின் விலையைக் கேட்டால், கொண்டுபோன பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம் போலிருக்கும். அந்த விலைக்கும் வாங்கி, கழுவி, மஞ்சள் தடவி, பக்குவம் பார்த்துச் சமைத்த மீன் நாலு துண்டு மிஞ்சினால், மறுநாள் எங்கள் வீட்டில் அதை என்ன செய்கிறார்கள் தெரியுமா? தளதளவென்று கொதிக்கவிடுகிறார்கள். அதுவும் கரண்டியை உள்ளே விட்டுக் கிளறிக்கொண்டே.

“நன்றாகக் கொதித்தால்தான் மீன் கெடாமல் இருக்கும், கண்ணு” என்பது பெரியம்மாவின் கட்சி. அண்ணியும் அதே கட்சி. மற்ற எல்லாவற்றிலும் எலியும் பூனையுமாக இருக்கும் இருவரும் மீனைக் கொல்வதில் மட்டும் கூட்டணி வைத்துவிடுவார்கள்.

மீன் ஆட்டுக்கறி அல்ல என்பதை இவர்களுக்கு யார் சொல்வது? ஆட்டுத்தொடையை மணிக்கணக்கில் வேகவிட்டால் அதிலுள்ள சவ்வு கரைந்து கறி மிருதுவாகும். மீனில் அந்தச் சவ்வே கொஞ்சம்தான். அதுவும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் மீன் சட்டென்று வெந்து இதழ் இதழாகப் பிரிகிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டினால் சதையிலுள்ள புரதம் இறுகி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். நேற்றே ஒருமுறை பிழிந்தாயிற்று. மிச்சமிருக்கும் ஈரத்தையும் இன்று பிழிந்தால் வஞ்சிரத் துண்டு சோற்றில் உதிர்ந்த மரத்தூளாகத்தான் கிடக்கும்.

இறாலின் கதை இன்னும் மோசம். நேற்று அரைவட்டமாக, லேசாக வளைந்து, கடித்தால் ‘நறுக்’ என்றிருந்த இறால், மறுசூட்டில் தலையும் வாலும் ஒட்டிக்கொள்ளும்படி சுருண்டு பாதியாகிவிடுகிறது. தொக்கில் மசாலா மட்டும் இருக்கிறது. இறாலைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கணவாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்று அதை இரண்டு நிமிடத்தில் இறக்க வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக வேகவிட வேண்டும். இவர்களோ சரியாக நடுவில் வந்து நிற்பார்கள்.

ஏற்காட்டில் இருக்கும் மாமாவிடம் இதற்கு ஒரு விஞ்ஞானமே உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நாங்கள் கொண்டுபோன இறால் தொக்கை அடுப்பிலேற்றியவர், “மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் மாப்பிள்ளை, அதனால் கூடுதலாகக் கொதிக்கவிட வேண்டும்” என்றார். முதல் பாதி சரிதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறாலுக்கு 95 என்ன, 100 என்ன? அதற்கு வெகு முன்பே அது செத்துச் சுண்ணாம்பாகிவிடுகிறதே! மாமாவிடம் இதைச் சொல்ல முடியுமா? தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன்.

கெட்டுப்போகும் என்ற பயம் நியாயமானதுதான். சித்திரை வெயிலில் சேலத்துச் சமையலறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பயம் வர வேண்டிய நேரம் நேற்று மதியம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய சட்டி, மாலை காபி வரைக்கும் மேடையிலேயே உட்கார்ந்திருந்தது. அப்போது ஒருவருக்கும் பயமில்லை. அயிலை, சூரை மாதிரி மீன்களை வெப்பத்தில் போட்டுவைத்தால் கிருமிகள் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கிவிடும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எத்தனை கொதி கொதித்தாலும் அது போகாது. நாள் முழுக்க வெளியே வைத்துவிட்டு மறுநாள் அடுப்பில் வீரம் காட்டி என்ன பயன்?

இத்தனைக்கும் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மீன் துண்டுகளைக் கரண்டியால் பதமாகத் தனியே எடுத்து வையுங்கள். குழம்பை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கொதிக்கவிடுங்கள், உங்கள் ஆசை தீர. பிறகு தீயைத் தணித்து, துண்டுகளை மெதுவாக இறக்கி, மூடி வையுங்கள். துண்டின் நடுவிலும் ஆவி பறக்கும் சூடு ஏறியதும் அணைத்துவிடுங்கள். கிளறாதீர்கள்; சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். புளியும் உப்பும் இரவெல்லாம் மீனுக்குள் இறங்கியிருக்கும். பழைய மீன்குழம்புக்கு ஊரெல்லாம் ஏங்குவது அதற்காகத்தான். வறுத்த மீன் என்றால் கனமான தோசைக்கல், சிறு தீ, ஒரு சொட்டு எண்ணெய், பக்கத்துக்குச் சில நிமிடம்.

அந்த மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அலுவலகத்தில் ஒரு புண்ணியவான் மதியம் ஒரு மணிக்கு வறுத்த சங்கராவை மூடாமல் உள்ளே வைத்து முழு வேகத்தில் சுற்றவிடுகிறார். மீனிலுள்ள நீர் ஆவியாகி மேல்மாவைச் சொதசொதவென்று ஆக்குகிறது. ஓரமெல்லாம் காய்ந்து விறைக்கிறது, நடுவில் சில்லென்றே இருக்கிறது. கடல் மீனுக்கே உரிய அந்த வாடை, ட்ரைமெத்திலமைன், சூட்டில் கிளம்பி மாடிப்படி வரை போகிறது. எலுமிச்சையை ஒரு பிழி பிழிந்திருந்தால் புளிப்பு அதைக் கொஞ்சம் அடக்கியிருக்கும். அவருக்குப் பின்னால் தயிர்சாதத்தோடு நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். மீன் சாப்பிடுகிறவன் என்பதால் நானும் உடந்தையாம்!

ஆகவே, வீட்டில் அறிவித்துவிட்டேன். இனி மிஞ்சும் இறால் என் பொறுப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை போட்டுப் பிரட்டி, அப்படியே சாப்பிடப்போகிறேன்.

“அடுப்பில் வைக்காமலா?” என்று பெரியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“நேற்றே வெந்துவிட்டது பெரியம்மா.”